பொத்திப் பொத்தி ஓட்டினாலும் என்ஜின் கெடும்

ஒரு காரின் என்ஜின் சீக்கிரம் படுத்துவிட்டால், ‘கண்டபடி விரட்டியிருப்பான்’ என்று சொல்லிவிடுகிறோம். பாதி உண்மைதான். ஆனால் மூவாயிரம் ஆர்.பி.எம்-ஐத் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) தாண்டாமல் பத்திரமாக ஓட்டிய வண்டியிலும் ஆயில் கெட்டுப் பசையாகிறது, பிஸ்டன் உடைகிறது. சூடேறாத என்ஜினை விரட்டுவது எவ்வளவு தப்போ, சூடேறிய என்ஜினை மூச்சுவிடாமல் அமுக்கி வைப்பதும் அதே அளவு தப்பு. எந்த நேரத்தில் எவ்வளவு வேலை வாங்கலாம் என்ற கணக்கு பிடிபட்டால் என்ஜினும் உழைக்கும், ஓட்டுகிறவருக்கும் சலிப்பு தட்டாது.

காலையில் ஸ்டார்ட் செய்யும் நிமிடத்திலிருந்தே தொடங்குவோம். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் பெரும்பாலும் கீழே வடிந்திருக்கும். பம்ப் அதை மேலே ஏற்றி எல்லா இடத்துக்கும் கொண்டுசேர்க்கச் சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகளில்தான் சிலர் ஆக்சிலரேட்டரை நாலு முறை உறுமவிடுவார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. அன்றைக்கு வண்டி அணைந்துவிடாமல் இருக்கத் தேவைப்பட்டது. இன்றைய காருக்குத் தேவையே இல்லை.

இதற்கு நேர் எதிரான தப்பு, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு ‘வார்ம் அப்’ செய்வது. குளிர்ந்த என்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் ஊற்றப்படுகிறது. அதில் எரியாத பகுதி சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. சும்மா நிற்கும் என்ஜின் சூடேறவும் ரொம்ப நேரம் எடுக்கும். ஸ்டார்ட் செய்து, அரை நிமிடம் விட்டு, மெதுவாகக் கிளம்பிவிடுவதே நல்லது. ஓடும்போதுதான் என்ஜினோடு கியர்பாக்ஸும் டயரும் சேர்ந்து சூடேறும்.

சரி, சூடேறியது எப்படித் தெரியும்? டேஷ்போர்டில் வெப்ப முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று நம்பி மிதிக்கிறவர்கள் நிறையப் பேர். அந்த முள் காட்டுவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் சூட்டை. கூலண்ட் 90 டிகிரியை நெருங்கிய பிறகும் ஆயில் பின்தங்கியே இருக்கும். அது முழுச் சூட்டுக்கு வர இன்னும் பல நிமிடங்கள் ஓட வேண்டும். முள் நடுவுக்கு வந்த பிறகும் ஐந்து, பத்து நிமிடம் நிதானமாகப் போவது கெட்டியான ஆயிலுக்குக் கொடுக்கும் அவகாசம்.

தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார்களின் கதை தனி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. சூடான என்ஜினில் அது புகையோடு வெளியே போய்விடும். குளிர்ந்த என்ஜினில் கொஞ்சம் ஆயிலுக்குள்ளும் சைலன்ஸருக்குள்ளும் நீராகத் தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பில் பசை ஒட்டியிருந்தால், பெரும்பாலும் இந்தக் குட்டிப் பயணங்களின் வேலைதான். (கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு வியாதி. என்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட் கெட்டிருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.) வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் ஆயிலில் தங்கிய ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகும்.

இனி, நல்ல ஓட்டுநர் என்று பேர் வாங்கியவர்களே செய்யும் தப்புக்கு வருவோம். வண்டி நிறைய ஆட்கள், எதிரே ஒரு மேடு, கியர் நாலில் இருக்கிறது, ஆர்.பி.எம். 1,200. கியரை இறக்க மனம் வராமல் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கிறார். பின்பார்வைக் கண்ணாடி நடுங்குகிறது, அடியிலிருந்து ‘மொடமொட’வென்று கனத்த சத்தம் வருகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. வண்டி முக்குகிறது என்று சொல்வது இதைத்தான். பெட்ரோல் மிச்சமாகும் என்பது அவர் நினைப்பு.

உள்ளே நடப்பது வேறு. பிஸ்டன் மெதுவாக நகரும்போது நிறைய எரிபொருள் ஒரே சமயத்தில் எரிவதால் அழுத்தம் எகிறுகிறது. அந்தப் பளு முழுக்க பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு, பேரிங்குகள் தலையில் விழுகிறது. ஆயில் பம்ப் என்ஜினோடு சேர்ந்துதான் சுழல்கிறது. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் ஆயில் அழுத்தமும் குறைவு. பளு உச்சத்தில் இருக்கும்போது பாதுகாப்பு அடிமட்டத்தில். டர்போ (புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கி ஊட்டும் கருவி) உள்ள சின்ன பெட்ரோல் என்ஜின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். ஆங்கிலச் சுருக்கத்தில் எல்.எஸ்.பி.ஐ. என்பார்கள். மோசமாக நடந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துவிடும். இதைக் கட்டுப்படுத்தத்தான் 2018-இல் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ-யின் எஸ்.என். ப்ளஸ், 2020-இல் எஸ்.பி. என்ற ஆயில் தரங்கள் வந்தன. அதனால் டர்போ காரில் கையேடு சொல்லும் தரத்துக்குக் கீழே இறங்கி ஆயிலில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இதற்காகக் குறைந்த ஆர்.பி.எம். என்றாலே பயப்பட வேண்டாம். சமதளத்தில், கால் லேசாக இருக்கும்போது டாப் கியரில் 1,500-இல் போவது தப்பே இல்லை. வேகம் கூட்ட வேண்டுமென்றால் முதலில் கியரை இறக்குங்கள், அப்புறம் மிதியுங்கள்.

இதே ஆட்கள் ஆர்.பி.எம். முள் நாலாயிரத்தைத் தொட்டால் பதறுவார்கள். நன்றாகச் சூடேறிய என்ஜினை அவ்வப்போது சிவப்புக் கோட்டுப் பக்கம் கொண்டுபோவதால் ஒன்றும் ஆகாது; அந்தக் கோட்டை வரைந்ததே தயாரித்தவர்கள்தான். ஆனால் அங்கேயே குடியிருக்கக் கூடாது. ஆர்.பி.எம். இரண்டு மடங்கானால் பிஸ்டனும் ராடும் இழுபடும் விசை நான்கு மடங்காகிறது.

‘அதுதான் லிமிட்டர் இருக்கிறதே’ என்று சொல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்.பி.எம். எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரால் எரிபொருளை நிறுத்த மட்டும்தான் முடியும். வேகமாகப் போகும்போது ஐந்திலிருந்து நாலுக்கு இறக்கப்போய், அவசரத்தில் கை தவறி இரண்டில் போட்டுவிட்டுக் கிளட்ச்சை விட்டால், என்ஜினைச் சுற்றுவது சக்கரங்கள். லிமிட்டர் வேடிக்கை பார்க்கும். வால்வு பிஸ்டனில் மோதி மொத்த என்ஜினும் அந்த ஒரு நொடியில் போய்விடலாம். கியர் லீவரை இறுக்கிப் பிடித்துத் தள்ளுவதால்தான் இப்படி நடக்கிறது. விரல்களால் லேசாக நகர்த்தினால் நாலாவது கியரின் இடத்தை லீவரே தேடிக்கொள்ளும்.

டர்போவைப் பற்றி ஒன்று. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதற்கு உயிர் ஆயில்தான். நெடுஞ்சாலையில் பறந்துவந்து, மலையேறி முடித்து, சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, உள்ளே இருப்பது கருகும். கடைசி இரண்டு நிமிடத்தை மெதுவாக ஓட்டிவந்தாலே போதும். தெருமுனைக் கடைக்குப் போய்வந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐடிலிங்கில், அதாவது நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டு, உட்கார்ந்திருப்பது வெறும் சடங்கு.

புகை வடிகட்டி உள்ள டீசல் கார்களில் கரியை எரித்துத் தள்ள ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சுத்திகரிப்பு நடக்கும்போது ஐடிலிங் சற்று உயரும், ஃபேன் பலமாகச் சுற்றும். பாதியில் அணைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிவிடுங்கள். அடிக்கடி தடைபட்டால் டீசல் போய் என்ஜின் ஆயிலில் கலந்துவிடும்; டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ்ச்சிப்பட ஒன்றுமில்லை.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவதும் வேண்டாத சிக்கனம். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்றைய என்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் ஐடிலிங்குக்கு ஊற்ற வேண்டியிருக்கிறது. என்ஜின் பிரேக்கிங்கும் கிடையாது.

ஓட்டும் சுகம் என்பது வேகமானியில் இல்லை என்பது என் கட்சி. சும்மா மிதிப்பது, சும்மா பிரேக் போடுவது என்று போனால் நூறில் போனாலும் சலிப்புதான். தூரத்து வளைவைப் பார்த்ததுமே காலை எடுத்து, கியரை இறக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி ஆர்.பி.எம்-ஐச் சமன்செய்து கிளட்ச்சை விட்டால், வண்டி குலுங்காமல் கியரில் உட்காரும். அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. உங்கள் கார் எந்த ஆர்.பி.எம்-இல் உற்சாகமாக இழுக்கிறது என்று கண்டுபிடியுங்கள். டர்போ வண்டி இரண்டாயிரத்தை ஒட்டியே இழுக்கத் தொடங்கிவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி மூவாயிரத்துக்கு மேல்தான் பாடும்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கும் இதில் வேலை உண்டு. நீண்ட இறக்கத்தில் டி-யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், மேனுவல் மோடுக்கோ எல்-லுக்கோ மாற்றிக் கீழ் கியரில் பிடித்துவைத்தால் வண்டி தானே அடங்கி வரும், பிரேக்கும் சூடாகாது.