போத்தல் முடியும்போது யார் பெயர் ஞாபகம் வரும்?

தோட்டங்களில் வீடு வீடாகப் போய்க் கம்பெனிப் பொருள் விற்கும் முகவரா நீங்கள்? நீங்கள் விற்கும் ஷாம்பு போத்தலில் அச்சிட்டிருப்பது கம்பெனியின் பெயர். அதே போத்தலை அடுத்த தோட்டத்து முகவரும் விற்கிறார். அடுத்த ஓடர் யாருக்கு என்பது போத்தல் காலியாகிற அன்றுதான் முடிவாகும். அந்த வெறும் போத்தலிலேயே உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும்.

எந்தப் பெயர் என்பதை முதலில் தீர்மானியுங்கள். லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) ஒரு செல்வியும் ஒரு லெட்சுமியும் இருக்கிற மலையகத்தில் வெறும் பெயர் போதாது. 'மேல்டிவிசன் செல்வி' என்று இடத்தையும் (டிவிசன் என்பது தோட்டத்தின் ஒரு பிரிவு) சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் உள்ள நீளப் பெயரைவிட, சனம் ஏற்கெனவே கூப்பிடுகிற பெயரே நிற்கும். கார்ட், ஸ்டிக்கர், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். ஹட்டன், பண்டாரவளை டவுன் பக்கமும் விற்பதானால் சிங்களத்திலும் எழுத வேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு உங்கள் முகப்படம்தான் பெயர். கம்பெனி சின்னத்தைப் போடுவதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

ஸ்டிக்கர் 5 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம் இருந்தால் போதும். பெயர், ஒரேயொரு இலக்கம், நீங்கள் வருகிற கிழமை நாள், இவ்வளவுதான். இங்க்ஜெட்டில் அச்சடித்த கடதாசி நம் ஊர் ஈரத்துக்குத் தாங்காது, மை கலைந்துவிடும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் வாங்குங்கள். இல்லாவிட்டால் கடதாசியின் நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெளியே வரும்படி அகலமான கண்ணாடி டேப்பை ஒட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டினால் உரிந்துவிடும். காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை மூன்றையும் மறைக்கவே கூடாது. விலையை மறைத்தால் சந்தேகம் வரும். குறித்த விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி குற்றமும்கூட.

பதினைந்து தோட்டத்தைச் சுற்றுவதைவிட மூன்று டிவிசனைப் பிடியுங்கள். அறுபது வீடு என்றால் தடவைக்கு இருபது. ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு கிழமை நாள், அது மாறக்கூடாது. தொழிலாளர்கள் கொழுந்தை எடை போட்டு, வீடு வந்து, தேத்தண்ணி குடித்த பிறகு போங்கள். வேலைக்களைப்போடு வாசலில் நிற்கிறவரிடம் பேச்சு எடுபடாது.

பெயர் அதிகம் கெடுவது கடனில்தான். தோட்டச் சம்பளம் பெரும்பாலும் 10ஆம் திகதியை ஒட்டி வரும். அன்று மட்டும் முகம் காட்டினால், நுண்கடன் வசூலுக்கு வருகிறவர்களின் வரிசையில் உங்களையும் சேர்த்துவிடுவார்கள். மாத நடுவில் ஒரு தடவை, காசு கேட்காமல், பொருள் எப்படியிருக்கிறது என்று விசாரிக்க மட்டும் போய் வாருங்கள். கொப்பியில் கடன் தொகையை வாங்குகிற அக்கா முன்னாலேயே எழுதி, அவரிடமும் ஒரு துண்டு கொடுங்கள். பழைய கடன் தீராமல் இரண்டாவது பொருள் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் உங்களைக் கண்டதும் கதவு மூடும். பொருளும் போய், வாடிக்கையும் போகும்.

பொருளுக்கு முன்னால் 'நீங்களும் சேருங்கள், ஆள் சேர்த்தால் காசு' என்று ஆரம்பித்தால் பெயர் பிரமிட் கூட்டத்தோடு போய்விடும். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு அத்தகைய திட்டங்களைத் தடை செய்கிறது. அதேபோல 'சீனி வருத்தம் குறையும்' என்று எந்தப் பவுடரையும் விற்காதீர்கள். ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் அது உயிர் விஷயம்.

கிறீம் விற்கும் முன் முழங்கை மடிப்பின் உட்பக்கம் கொஞ்சம் பூசி, 24 மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்கள். அரிப்பு வந்தால் அந்த வாரத்துக்குள்ளேயே காசைத் திருப்பிக் கொடுங்கள், கம்பெனி உங்களுக்குத் தரும்வரை காத்திருக்க வேண்டாம். இதற்கென்று மாத இலாபத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.