ஓய்வைக் கடைமடைக்குத் தள்ளாதீர்கள்: நெருக்கடிக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்தால் காவிரிப் படுகையில் சம்பா அறுவடை, நெல் கொள்முதல், கூட்டுறவுக் கடன், உறவினர் வீட்டு விசேஷங்கள் என எல்லாம் ஒரே சமயத்தில் தலைமேல் வந்து நிற்கும். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்துவிட்டால், மற்றவர்கள் சோறு தூக்கம் மறந்து ஓடத் தொடங்குகிறார்கள். அப்படி ஓடியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

"இந்த வேலை முடியட்டும், பிறகு படுக்கலாம்" என்று தள்ளிப்போடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் தஞ்சாவூரில் மருத்துவமனையில் இருந்தபோது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் எங்கள் நெல் எடை போடப்படாமல் கொள்முதல் நிலைய வாசலில் குவியலாகக் கிடந்தது. பகலில் நெல்லைக் கிளறிக் காயவைப்பதும், இரவில் பனிக்குத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு அதனருகிலேயே காவலுக்குப் படுப்பதும், விடியற்காலைப் பேருந்தில் தஞ்சாவூர் போவதுமாக ஒன்பது நாட்கள் கழிந்தன. பத்தாம் நாள் காலை, இரவு கொடுக்க வேண்டிய மாத்திரையைப் பிரித்துத் தாயாரின் உள்ளங்கையில் வைத்துவிட்டேன். செவிலியர் பார்த்துத் தடுத்தார். தூக்கம் கெட்டால் கவனம், நினைவு, பொறுமை மூன்றும் தளரும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். வயது வந்தவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

ஆற்றில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் நாம் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். மிஞ்சினால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு என்று விட்டுவிட்டால் அங்கே பயிர் கருகிவிடும் என்பது நமக்குத் தெரியும். ஓய்வுக்கும் அந்த முறைதான் சரி. மாத்திரை மாறிய அன்று மாலையே அக்காவும் சித்தப்பா மகனும் நானும் அமர்ந்து, எந்த இரவு யார் மருத்துவமனையில், யார் நெல்லுக்குக் காவல், யார் வீட்டில் தூங்குவது என்று ஒரு தாளில் எழுதினோம். உதவ வந்த அண்டை வீட்டாரிடம் அதுவரை "ஒன்றும் வேண்டாம், பார்த்துக்கொள்கிறோம்" என்றே சொல்லிவந்தோம், அதுவும் தவறுதான். மாட்டுக்கு வைக்கோல் போடுங்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டு வாருங்கள் என்று குறிப்பாகக் கேட்டால் மனமுவந்து செய்கிறார்கள்.

அந்தத் தாளிலும் ஒரு பிழை இருந்தது. அக்காவுக்கு வீட்டு முறை வந்த இரவில் அவர் தூங்கவில்லை. பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, மறுநாள் மருத்துவமனைக்குக் கஞ்சி கட்டிக்கொடுக்க நாலரை மணிக்கே எழுந்திருந்தார். வீட்டில் இருக்கும் பெண் ஓய்வாகத்தான் இருக்கிறாள் என்று நாங்கள் ஆண்கள் எண்ணியதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பெண்ணின் ஓய்வு முறையன்று அடுப்படி வேலையை வேறொருவர் ஏற்காவிட்டால், அதை முறை என்று எழுதுவதில் பொருளே இல்லை.

களைப்பைக் காபியால் விரட்டுவதும் உதவாது. குடித்து ஐந்து மணி நேரம் ஆன பின்னும் காஃபினில் ஏறக்குறையப் பாதி உடலிலேயே இருப்பதால், மாலைக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். மது கண்ணை மூடவைத்தாலும் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். படுத்தபடி கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பதும் ஓய்வு ஆகாது.

நோயை வெறும் அசதி என்று எண்ணிவிடுவது ஆபத்தான தவறு. இரண்டு வாரத்துக்கும் மேலாக மனம் எதிலும் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வீண் என்ற எண்ணம் தொடர்ந்தால், அது தூங்கி எழுந்தால் தீர்வதன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம்; 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஒருவர் வாயில் வந்தால், அவரைத் தனியே விடாமல், திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ இருக்கும் பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்திவிட்டு, மருத்துவரிடம் நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.