தோட்டம் மலைமேல், வாதி போடியில்: வழக்கு டிபால்ட்டில் தள்ளுபடியானால் என்ன செய்வது?

நிலம் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் வழக்கு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 16-ஆம் பிரிவு அப்படி. ஆகவே உடும்பன்சோலை ஏலக்காய்த் தோட்டத்துக்கு வழக்குப் போட்ட போடிக்காரருக்குக் கேரள கோர்ட்டில்தான் வாய்தா. வாதியும் வக்கீலும் ஆஜராகாவிட்டால் வழக்கு தள்ளுபடி.

படி 1: எந்த விதியில் தள்ளுபடி?

இ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) போட்டு உத்தரவைப் பாருங்கள். சம்மனுக்குப் பேட்டா (அனுப்பும் கட்டணம்) கட்டவில்லை, அல்லது இருதரப்பும் வரவில்லை என்றால் அதே சட்டத்தின் கட்டளை 9 விதி 2, 3. வழக்குப் போடும் காலவரையறை மீதமிருந்தால் புது வழக்கே போடலாம்; இல்லையென்றால் விதி 4-இன்படி பழைய வழக்கை மீட்க மனு. பிரதிவாதி வந்து நீங்கள் மட்டும் வராவிட்டால் விதி 8. இதுதான் ஆபத்து: அதே வழக்கு மூலத்தில் (வழக்குக்கான காரணத்தில்) மறுபடி வழக்குப் போட விதி 9 விடாது, பழைய வழக்கை மீட்டாக வேண்டும். தடை ஆணை வாங்கியிருந்தால், மீட்கும்வரை அதுவும் கையில் இல்லை.

படி 2: நாள் எண்ணுங்கள்

மீட்பு மனுவுக்குத் தள்ளுபடியான தேதியிலிருந்து 30 நாள். உங்களுக்குத் தெரியவந்த தேதியிலிருந்து அல்ல. உத்தரவு நகலுக்குக் காத்திருக்கும் நாளும் கழிபடாது; நகல் வராவிட்டாலும் மனுவைப் போடுங்கள். நாள் கடந்துவிட்டால் காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவில் தாமத மன்னிப்பு மனு தனியாக வேண்டும்.

படி 3: மனுவும் பிரமாணப் பத்திரமும்

பலர் சறுக்குவது இங்கேதான். "போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்தது" என்று எழுதினால், "வக்கீல் ஏன் வரவில்லை?" என்று கேட்பார்கள். வக்கீல் ஆஜரானாலே வாதி ஆஜரானதாகக் கணக்கு. எனவே அன்று உங்கள் சாட்சி நாளா, வக்கீலுக்கு என்ன தடை என்று இரண்டையும் எழுதுங்கள். "உடல்நலமில்லை" என்ற ஒற்றை வரி போதாது. தேதியுள்ள மருத்துவச் சான்று இணையுங்கள். வக்கீல் தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981-இல் ரபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் வருடக்கணக்கில் விசாரிக்காமல் இருந்துவிட்டு அதைக் காட்டினால் எடுபடாது.

பத்திரம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 4: மனுவுக்குப் பிறகு

விதி 9 மனு என்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகாமல் மீட்பு கிடையாது. செலவுத்தொகை கட்டச் சொன்னால் குறித்த நாளுக்குள் கட்டுங்கள். தவறினால் கிடைத்த மீட்பும் போகும்.

மனுவையே மறுத்தால் கட்டளை 43-இன்படி மேல்முறையீடு உண்டு. மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள். விதி 4 மனு மறுக்கப்பட்டால் மேல்முறையீடு இல்லை, உயர் நீதிமன்றத்தில் சீராய்வுதான்.