பழங்காலத் தேவியரையும் அரசியரையும் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளியோபாட்ராவை வரையச் சொன்னால் பெரும்பாலோர் கை தானாக ஒரே முகத்துக்குத்தான் போகும். நெற்றியில் நேராக வெட்டிய கருங்கூந்தல், கண்ணைச் சுற்றித் தடித்த மை, பின்னால் பிரமிடு. அது சினிமா கொடுத்த முகம். அவர் வாழ்ந்த காலத்திலேயே (கி.மு. 69–30) வெளியான நாணயங்கள் இன்றும் இருக்கின்றன, அவற்றில் கூந்தலை வாரிப் பின்னால் கொண்டை போட்டு, தலையைச் சுற்றி அரசருக்குரிய பட்டைத் துணி கட்டியிருக்கிறார், மூக்கு வளைந்திருக்கிறது, தாடை எடுப்பாக இருக்கிறது. எகிப்தை ஆண்ட அவருடைய தாலமி குடும்பம் மாசிடோனிய வழி வந்தது, அதனால்தான் இந்தக் கிரேக்கக் கோலம். அதே கிளியோபாட்ரா எகிப்தின் தெந்தேரா கோயில் சுவரில் முழு எகிப்திய அரசிக் கோலத்தில் நிற்கிறார் என்பதும் உண்மை, அதனால் இரண்டில் எதையும் வரையலாம். எந்தக் கிளியோபாட்ரா என்று முடிவு செய்யாமல் தூரிகையை எடுப்பதுதான் தவறு. அப்புறம் அந்தப் பிரமிடு: அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடிந்தது, அவர் ஆண்ட அலெக்சாண்டிரியாவிலும் அது இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. லட்சுமி, சரசுவதி என்றதும் மனதில் வரும் புடவை, ரவிக்கை உருவம் வீடுகளுக்குள் வந்ததில் ரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அழகான படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 7ஆம் நூற்றாண்டுத் திருமகளை வரைகிறேன் என்று சொல்லிவிட்டு அதைப் பார்த்து வரைந்தால் காலமே மாறிவிடும். மாமல்லபுரம் வராகக் குகையில் தாமரை மேல் அமர்ந்த கஜலட்சுமியைப் பாருங்கள், உயரமான கிரீடம், உடம்பில் மிகக் குறைந்த துணி, இரு பக்கமும் குடம் ஏந்திய பெண்கள், மேலே யானைகள். பக்கத்திலேயே மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது, அங்கே தேவி எட்டுக் கைகளோடு சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை இழுக்கிறாள், எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட அசுரன் கதாயுதத்தோடு பின்வாங்குகிறான். சூலம் மார்பில் இறங்கும் காட்சியையே திரும்பத் திரும்ப வரைகிறவர்கள் இந்தக் கணத்தையும் ஒருமுறை யோசிக்கலாம், சண்டை இன்னும் முடியவில்லை என்பதே அதில் பெரிய பலம்.

கதையைச் சேர்த்து எழுதும்போது வேறொரு தவறு நடக்கிறது. கிரேக்கக் கதைகளில் வரும் பாம்புக் கூந்தல்காரி மெதூசாவை ஏதெனா தேவி சபித்தாள், அதனால்தான் கூந்தல் பாம்பானது என்று எழுதுகிறார்கள். அது கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானியக் கவி ஓவிட் சொன்ன வடிவம். அவருக்குப் பல நூற்றாண்டு முந்தைய கிரேக்கக் கவி ஹெசியோட் கதையில் சாபமே இல்லை, மெதூசா பிறப்பிலேயே கோர்கன் எனப்படும் மூன்று அரக்கிச் சகோதரிகளில் ஒருத்தி. பழைய கிரேக்கப் பானைகளில் அவளுக்கு அகன்ற முகம், கோரைப்பல், நீட்டிய நாக்கு. அந்தப் பயங்கர முகத்தை வரைந்து கீழே ஓவிட்டின் சோகக் கதையை எழுதினால் இரண்டும் ஒட்டாது. யார் சொன்ன கதை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடையாளங்களைக் குவிப்பதும் அப்படித்தான். தலையில் பசுக்கொம்பும் நடுவில் சூரியவட்டமும் இருந்தால் உடனே எகிப்தியத் தேவி ஐசிஸ் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள், ஆனால் அது முதலில் ஹாத்தோர் என்ற இன்னொரு எகிப்தியத் தேவியுடையது, ஐசிசுக்குப் பிற்காலத்தில் வந்தது. ஐசிசுக்கே உரியது தலைமேல் இருக்கும் சிம்மாசனக் குறி.

நிறம் பற்றிச் சுருக்கமாக: கிரேக்கத் தேவியரை வெள்ளைப் பளிங்காகவே தீட்டாதீர்கள், அந்தச் சிலைகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். எகிப்திய ஓவியங்களில் பெண்ணுக்கு மஞ்சள், ஆணுக்குச் செம்பழுப்பு என்பது பெரும்பாலும் ஓவிய மரபு, அதை அப்படியே தோல் நிறமாக எடுத்துக்கொள்ள முடியாது.

வயதையும் கவனிக்க வேண்டும், இது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம். அலெக்சாண்டிரியா அறிஞர் ஹைபேஷியா கி.பி. 415இல் கும்பலால் கொல்லப்பட்டபோது இளம்பெண் அல்ல, நாற்பதைக் கடந்தவர், பல ஆண்டுகள் கணிதமும் தத்துவமும் கற்பித்தவர். 1885இல் சார்லஸ் வில்லியம் மிட்செல் அவரை ஆடையற்ற இளம்பெண்ணாக வரைந்தார், இன்றும் பலர் அதைப் பார்த்தே வரைகிறார்கள். ஒரு ஆசிரியரின் முகத்தில் இருக்க வேண்டிய அத்தனையும் அதில் காணாமல் போகிறது.

எழுத்துச் சான்றை மட்டும் நம்பினாலும் சிக்கல் வரும். பிரிட்டனில் ரோமை எதிர்த்துக் கலகம் செய்த அரசி பூடிகாவின் உயரம், இடுப்புவரை தொங்கும் செம்பழுப்புக் கூந்தல், கழுத்தில் பெரிய பொன் வளையம் எல்லாம் ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ தந்தவை, அவர் எழுதியது கலகம் நடந்து நூறாண்டுக்கும் மேல் கழித்து. கூந்தல் நிறத்தைச் சரிபார்க்க வழியில்லை, ஆனால் வளையத்துக்கு வழி இருக்கிறது. பூடிகாவின் ஐசீனி இனம் வாழ்ந்த நார்ஃபோக் பகுதியில், ஸ்னெட்டிஷம் என்ற ஊரில் 1950இல் கிடைத்த பெரிய கழுத்து வளையம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டெட்டுக் கம்பிகளாக முறுக்கி, அப்படி எட்டுப் புரிகளைச் சேர்த்துத் திரித்து, ஒரு கிலோவுக்கும் மேல் எடையில் செய்தது. அவர் கழுத்தில் நகைக்கடைச் சங்கிலி மாதிரி மெல்லிய ஒன்றை வரைவதைவிட, அந்தக் கனமான முறுக்கைப் பார்த்து வரையுங்கள்.