பிரபஞ்சம் எங்கே முடிகிறது? குளக்கட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை

பத்தாம், பதினோராம் வகுப்பில் பிரபஞ்சம் விரிவடைகிறது என்று சொன்னதுமே ஒரு பிள்ளை எழும்பும்: "அப்ப அது எங்க முடியுது ரீச்சர்?" முடிவே இல்லை என்று ஒரு சொல்லில் விடை சொல்லி அந்தப் பிள்ளையை இருத்திவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு தூரம் வரை எங்களுக்குத் தெரிகிறது? விண்வெளிக்கு எங்காவது விளிம்பு இருக்கிறதா? வெளி முடிவிலியா? முதலாவதற்கு விடை கணித்தாயிற்று. இரண்டாவதற்கு இல்லை என்று சொல்ல நல்ல காரணங்கள் உண்டு. மூன்றாவதற்கு இன்றைக்கு உலகத்தில் யாரிடமும் விடை இல்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழக்கினாலே போதும், ஒரு மாலை நேரம் வீண்போகாது.

வன்னியில் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் நான் செய்கிற முறை இது. ஒட்டுசுட்டான், மாங்குளம், துணுக்காய் என்று எங்கே இருந்தாலும் செய்யலாம். வன்னியில் இன்னும் இருட்டு இருக்கிறது. கொழும்புப் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது.

முதலில் நாள். மாரி தொடங்கிவிட்டால் தை வரை வானத்தை நம்ப முடியாது. புரட்டாதி அமாவாசையை ஒட்டி, மழைக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடியுங்கள். குளக்கட்டு நல்ல இடம், ஏனென்றால் நீர்ப்பக்கம் மரம் மறைக்காது. யானை நடமாட்டம் இருந்தால் மட்டும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வாருங்கள். ஆட்கள் நடக்கிற பாதையை விட்டுப் பற்றைக்குள் ஒரு பிள்ளையும் இறங்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றிய காணியாக இருந்தாலும் இரவில் இந்த ஒழுங்கைத் தளர்த்தாதீர்கள். பெற்றோர் இரண்டு மூன்று பேர் கூட நிற்கட்டும்.

கொண்டுபோக வேண்டியவை: பழைய சைக்கிள் ரியூப் இரண்டு, வெண்கட்டி, காற்றடிக்கும் பம்ப், ரோச்சின் முகத்தில் சுற்றச் சிவப்புக் கண்ணாடித்தாள். சைக்கிள் கடையில் கேட்டால் கழித்த ரியூப் சும்மாவே தருவார்கள். ஒன்றை நீளப்பாட்டில் ஒரு விரல் அகலப் பட்டியாக வெட்டிக்கொள்ளுங்கள். மற்றதை வெட்ட வேண்டாம், ஒட்டுப்போட்டுக் காற்று நிற்கும்படி வைத்திருங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே ரியூப் வேலையை முடிக்க வேண்டும். பட்டியில் பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டு பிள்ளைகள் இரு முனையையும் பிடித்து நீளம் இரண்டு மடங்காகும் வரை இழுக்கட்டும். ஒரு கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளை அளந்து சொல்லட்டும். பத்தில் இருந்த கோடு இருபதுக்குப் போயிருக்கும், இருபதில் இருந்தது நாற்பதுக்கு. அதே நேரத்தில் தூரத்துக் கோடு இரண்டு மடங்கு நகர்ந்திருக்கிறது. அடுத்து இன்னொரு பிள்ளை வேறொரு கோட்டில் நின்று அளக்கட்டும், அதே கணக்குத்தான் வரும். இதை அவசரப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தானே அளந்து, எந்தக் கோட்டில் நின்றாலும் தானே நடுவில் நிற்பதுபோலத் தோன்றுவதைக் கண்ணால் காண வேண்டும்.

தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடும் என்ற இதே உறவைத்தான் 1929இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் கலக்சிகளில், அதாவது கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த பெருந்தொகுதிகளில், கண்டு அறிவித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1927இல், பெல்ஜியப் பாதிரியார் ஜோர்ஜ் லெமெய்த்ர் ஐன்ஸ்ரைனின் சமன்பாடுகளிலிருந்து இதைப் பெற்றிருந்தார். இன்றைய கணக்கில், தூரம் ஏறக்குறைய 33 லட்சம் ஒளியாண்டு (ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்) கூடும்போது விலகும் வேகம் செக்கனுக்குச் சுமார் 70 கிலோமீற்றர் கூடுகிறது.

இப்போது ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும்: "பட்டிக்கு ரெண்டு முனை இருக்குத்தானே!" அந்தக் கேள்விக்காகத்தான் வெட்டாத ரியூப். அதன் வெளிவட்டத்தில் கோடுகள் போட்டு மெல்லக் காற்றடியுங்கள். மிஞ்சினால் ஒரு பக்கம் மட்டும் புடைத்துவிடும், ஆகவே அளவோடு நிறுத்துங்கள். கோடுகள் எல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். நீளப்பாட்டில் ஊர்கிற எறும்புக்கு முனை என்று ஒன்று எதிர்ப்படுமா? படாது. அதற்காக ரியூப் முடிவில்லாத நீளமா? அதுவும் இல்லை, நூல் வைத்து அளந்து காட்டலாம். விளிம்பு இல்லாமலே அளவோடு இருக்க முடியும். அன்றைய மாலையில் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டிய முக்கியமான விடயம் இது. நடுவிலுள்ள ஓட்டையைக் காட்டி அதுதான் மையம் என்று யாராவது சொன்னால், எறும்பு ரப்பரை விட்டு இறங்க முடியாது என்று நினைவூட்டுங்கள்.

பட்டி போல ஒரு முனை உள்ள பிரபஞ்சம் இருக்கலாமே என்றால், கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர் ஆர்க்கிற்றாஸ் கேட்டதைச் சொல்லுங்கள். விளிம்பில் நின்று கையை நீட்டினால் கை போகுமா, போகாதா? போனால் அது விளிம்பு இல்லை. இந்த வாதம் பட்டியைத் தடுக்கும், ஆனால் வளையத்தைத் தடுக்காது. அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். இன்றைய வானியலாளர்கள் பாவிக்கும் பிரபஞ்ச மாதிரிகளில் சுவர், வேலி, கரை என்று எதுவும் இல்லை. எந்தத் திசையில் பார்த்தாலும் பெரிய அளவில் கலக்சிகள் ஒரேமாதிரிப் பரவிக் கிடப்பதும் அதற்கு ஒத்துவருகிறது.

சரி, இருட்டிவிட்டது. கைத்தொலைபேசிகளை வாங்கி வையுங்கள், கண் பழக இருபது நிமிடம் வேண்டும். ஒன்பது மணிபோல வடகிழக்கில் பெகாசஸ் என்ற விண்மீன் கூட்டத்தின் பெரிய சதுரம் ஏறியிருக்கும். அதன் வடக்கு மூலை விண்மீனிலிருந்து வடகிழக்குப் பக்கமாக இரண்டு விண்மீன்களைத் தாண்டி, அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி மேலும் இரண்டைத் தாண்டினால் புகைபோல ஒரு தீற்றல் தெரியும். அதுதான் அந்திரோமீடா கலக்சி. நேரே பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள், அப்போதுதான் தெளிவாகும். இந்த ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தூரத்தைப் பார்ப்பது பழைய காலத்தைப் பார்ப்பதுதான் என்பது அந்தத் தீற்றலைப் பார்த்துக்கொண்டே கேட்டால் மனதில் தங்கும்.

அப்புறம் எல்லோரையும் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, வானம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேளுங்கள். முடிவில்லாத வெளியில் விண்மீன்கள் எக்காலமும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஒரு விண்மீனில் போய் முட்ட வேண்டும். இரவே இருக்காது. ஆகவே இந்தக் கறுப்புக்கு முதற்காரணம் பிரபஞ்சத்துக்கு வயது உண்டு என்பது: ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகள். இதைவிடத் தூரத்து ஒளி எங்களை வந்துசேர இன்னும் காலம் ஆகவில்லை. ஆனால் இதை வைத்து வெளி முடிவுள்ளது என்று தீர்த்துவிடாதீர்கள். கறுப்பு வானம் வயதைச் சொல்கிறது, பருமனைச் சொல்லவில்லை.

அந்தக் கறுப்பிலும் ஒளி இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. 1964இல் அமெரிக்காவில் ஆர்னோ பென்சியாஸ், ரொபேட் வில்சன் இருவரும் தங்கள் அன்ரனாவில் எந்தத் திசைக்குத் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். பிரபஞ்சத்தின் விரிவு தொடங்கிய பெருவெடிப்புக்கு ஏறக்குறைய 3,80,000 ஆண்டுகளின் பின் வெளிப்பட்ட ஒளி அது. இன்று விரிவினால் அதன் அலை இழுபட்டு நுண்ணலையாகி, 2.7 கெல்வின் (சுமார் −270 பாகை செல்சியஸ்) குளிரில் வானம் முழுக்க நிறைந்திருக்கிறது. அதை அனுப்பிய வாயு இன்று எங்களிடமிருந்து சுமார் 4600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. "1380தானே வரவேணும் ரீச்சர்?" என்று கெட்டிக்கார பிள்ளை கேட்கும். ஒளி வந்துகொண்டிருந்த காலம் முழுக்க வழியும் நீண்டுகொண்டே இருந்தது. ரியூப் பட்டியை எடுத்து இன்னொருதரம் இழுத்துக் காட்டுங்கள். முதலாவது கேள்விக்கு விடை இந்த 4600 கோடி. அது எங்கள் பார்வையின் எல்லை மட்டும். அங்கே ஒருவர் நின்றால் அவரைச் சுற்றியும் கலக்சிகள்தான் இருக்கும், அவருடைய பார்வையின் எல்லையில் எங்கள் இடம் சூடான வாயுவாகத் தெரியும்.

மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் கையை நீட்டிச் சுண்டுவிரலை வானத்துக்கு நேரே பிடிக்கட்டும். அந்த அகலம் ஏறக்குறைய ஒரு பாகை. நுண்ணலை வானத்தில் சூடும் குளிருமான புள்ளிகள் அந்த அளவில்தான் தெரிகின்றன. அவற்றின் உண்மையான பருமனைப் பௌதிகத்தால் கணிக்கலாம். வெளி வளைந்திருந்தால் அவை பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்திருக்கும். 2009இல் ஏவிய பிளாங்க் செய்மதி வரை அளந்து பார்த்ததில், ஒரு நூற்றுவீதத்துக்கும் குறைந்த வழுவுக்குள் வெளி தட்டையாக இருக்கிறது, அதாவது பெரிய முக்கோணத்திலும் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகைதான்.

தட்டை என்றால் முடிவிலி என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அதை மட்டும் பிள்ளைகளுக்குக் கடத்தாதீர்கள். தட்டையான வெளியும் தன்னோடு தானே சுற்றி இணைந்து, அளவோடு இருக்கலாம். அப்படி இருந்தால் வானத்தின் இரண்டு பக்கங்களில் ஒரேமாதிரி வட்டங்கள் தெரியலாம் என்று தேடினார்கள், கிடைக்கவில்லை. சுற்றி இணைந்திருந்தாலும் அந்தச் சுற்று எங்கள் பார்வையின் எல்லைக்கு அப்பால் இருக்கலாம். போதாததற்கு, விரிவு வேகமெடுக்கிறது என்று 1998இல் தெரியவந்தது. ஆகவே மிகத் தூரத்துக் கலக்சிகளிலிருந்து இன்று புறப்படும் ஒளி எங்களை ஒருநாளும் வந்தடையாது. எவ்வளவு காலம் பொறுத்திருந்தாலும் முழுவதையும் பார்த்து முடிக்க வழியில்லை.

கடைசியில் இரண்டு கேள்விகள் வரும். எதற்குள் விரிகிறது? வெளியே ஓர் இடம் தேவையில்லை, உள்ளே உள்ள தூரங்கள்தான் வளர்கின்றன. நாங்களும் விரிகிறோமா? இல்லை, உடலையும் பூமியையும் பால்வீதியையும் விசைகள் பிடித்துவைத்திருக்கின்றன. அந்திரோமீடா விலகாமல் செக்கனுக்குச் சுமார் 110 கிலோமீற்றர் வேகத்தில் எங்கள் பக்கம் வருவதும் ஈர்ப்பினால்தான்.

பத்து மணிக்கு மேல் வைத்திருக்காதீர்கள். திங்கட்கிழமை கொப்பியில் மூன்று கேள்விகளையும் எழுதவைத்து, ஒவ்வொன்றுக்கும் அளந்தது எது, ஊகித்தது எது, தெரியாதது எது என்று அவர்களே பிரித்து எழுதட்டும். மூன்றாவதில் 'தெரியாது' என்று எழுதி, ஏன் தெரியாது என்ற காரணத்தையும் சொல்லும் பிள்ளைக்கு முழுப் புள்ளி போடுங்கள்.