செக் தேசபக்திக் கதைகளைத் திரையில் பார்ப்பது எப்படி

செக் தேசபக்தி இலக்கியத்திலிருந்து எடுத்த எந்தப் படமானாலும், கதை நடக்கும் நூற்றாண்டைவிட அந்தப் படம் வந்த வருடத்தை முதலில் பாருங்கள். பாதி அதிலேயே புரிந்துவிடும்.

‘பாபிச்கா’வில், அதாவது ‘பாட்டி’யில், ஆரம்பியுங்கள். போஷெனா நியெம்ட்சோவாவின் இந்த நாவல் 1855-இல் வந்தது. சண்டை, சதி எதுவும் கிடையாது. கிராமத்துப் பாட்டி, பேரப்பிள்ளைகள், பழமொழி, பண்டிகை என்று போகும், இதில் தேசபக்தி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஃப்ரான்டிஷெக் சாப் இதைப் படமாக்கியது 1940-இல், நாடு நாஜிகளின் பிடியில் இருந்தபோது; அந்த நேரத்தில் செக் மொழி பேசும் ஒரு பாட்டி திரையில் வந்து உட்கார்ந்தாலே அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அப்புறம் 1971-இல் மொஸ்காலிக் தொலைக்காட்சிக்கு எடுத்ததைப் பாருங்கள். அதில் பேத்தி பாருன்காவாக வரும் லிபுஷெ ஷஃப்ரான்கோவாதான் 1973-இல் சிண்டிரெல்லாவாக நடித்தவர். இரண்டையும் முழுதாகப் பார்க்க நேரமில்லையா, காட்டில் சித்தம் கலங்கித் திரியும் விக்டோர்கா வரும் காட்சிகளையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து வரலாற்று நாவலாசிரியர் அலோய்ஸ் யிராசெக். 1930-இலேயே இறந்துபோன இவரை, 1948-இல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், படங்களும் வரிசையாக வந்தன. அவற்றில் மார்ட்டின் ஃப்ரிச்சின் ‘ப்சொஹ்லாவ்ட்சி’ (1955) எளிதாகப் பிடிபடும்: எல்லை காத்த விவசாயிகள் பழைய உரிமைக்காகப் பிரபுவோடு மோதுகிறார்கள், அவர்களில் ஒருவரான கோசினா 1695-இல் பில்சனில் தூக்கிலிடப்படுகிறார்.

ஓட்டகார் வாவ்ரா 1950-களில் ஹுஸ்ஸைட்டுகளை, அதாவது யான் ஹுஸ்ஸைப் பின்பற்றியவர்களை, வைத்து எடுத்த முப்படத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். யான் ஹுஸ் 1415-இல் எரிக்கப்பட்ட மதச் சீர்திருத்தவாதி என்பதை மட்டும் தெரிந்துகொண்டு உட்காருங்கள், ஏனென்றால் படத்தில் அவர் ஏழைகளின் புரட்சித் தலைவராகத்தான் தெரிவார், இறையியல் ஓரத்துக்குப் போய்விடும். இன்னொன்று, ஹுஸ்ஸாக நடித்த ஷ்டெபானெக்தான் அடுத்த படத்தில் தளபதி ஜிஷ்கா. குழம்ப வேண்டாம். போர்க் காட்சிகளின் பிரம்மாண்டத்துக்காகவே பார்க்கலாம், வசனம்தான் சில இடங்களில் மேடைப் பேச்சு மாதிரி நீளும்.

ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால், யிரி திர்ன்காவின் பொம்மைப் படத்தை எடுங்கள்: ‘பழைய செக் கதைகள்’, 1952. இதுவும் யிராசெக்கின் புத்தகம்தான். பொம்மைகளின் முகம் அசையவே அசையாது, வெளிச்சமும் தலையின் சாய்வும் மாறும்போது மட்டும் கோபமும் துக்கமும் வந்து போகும்.