கடற்குதிரை ஜோடியைக் காலையில் கவனிப்பது எப்படி

மலேசியாவில் ரெங்கம் பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது கடற்குதிரைகள் இணைசேரும் விதம். தொட்டிகள் ஜொகூர் கடலோரத்துப் பொரிப்பகத்தில் இருக்கின்றன. சனி, ஞாயிறு மட்டும் வீடியோக்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். எனக்குப் பிறகு இதே வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எழுந்திரிக்கப் பழகுங்கள். அம்மா 27 வருஷம் பால் மரம் வெட்டியவர். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) நேரமாச்சு என்ற சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு இது கஷ்டமாக இல்லை. தொட்டி விளக்கு 7 மணிக்கு எரிய டைமர் வைத்திருக்கிறேன், 6.45க்கே நாற்காலியில் இருப்பேன். ஜோடி சேர்ந்த ஆணும் பெண்ணும் வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சில நிமிடம் ஆடும். அதைத் தவறவிட்டால் அன்றைய பதிவுத் தாள் காலி.

தொட்டி உயரமாக இருக்கட்டும். என்னுடையவை ஹிப்போகாம்பஸ் குடா இனம் (குடா என்றால் மலாயில் குதிரைதான்), பொரிப்பகத்திலேயே பிறந்தவை. சுங்கை பூலாய் முகத்துவாரத்துக் கடற்புல்லில் வாழ்வதும் இதே இனம். ஆனால் அங்கிருந்து பிடித்து வருகிற எண்ணமே வேண்டாம். கடற்குதிரை வணிகம் 2004 மே முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இணைசேரும்போது இரண்டும் சேர்ந்து மேல்நோக்கி எழும் என்பதால் தண்ணீர் 50 சென்டிமீட்டராவது ஆழமாக இருந்தால் நல்லது. வால் சுற்றிப் பிடிக்க நைலான் கயிறு போதும். நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும்.

ஆண் எது, பெண் எது? வயிறு முடிந்து வால் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். ஆணுக்கு அங்கே வழவழப்பான பை இருக்கும். பெண்ணுக்கு வயிறு சட்டென்று முடிந்து வால் தொடங்கும். சின்ன வயதில் பை தெரியாது. அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள். தனித்தனியாக அடையாளம் காணத் தலைமேல் உள்ள கிரீடத்தை வரைந்து வையுங்கள். ஒன்றின் கிரீடம் போல இன்னொன்றுக்கு இருக்காது.

இப்போது ஆட்டம். ஒன்று நெருங்கும்போதே இரண்டின் நிறமும் வெளுக்கும். பழுப்பாக இருந்த உடல் மங்கலான மஞ்சளாகிவிடும். ஒரே கயிற்றை இரண்டும் வாலால் பிடித்துக்கொண்டு, கம்பத்தைச் சுற்றும் பிள்ளைகள் மாதிரிச் சுற்றும். பிறகு கயிற்றை விட்டு, பக்கம் பக்கமாகத் தரையை ஒட்டி நகரும். முடிந்ததும் நிறம் திரும்பிவிடும், அதது அதன் இடத்துக்குப் போய்விடும். இதற்கு என் தாளில் ‘வணக்கம்’ என்று பெயர். யார் முதலில் நெருங்கியது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். ‘பாசம்’, ‘கோபம்’ என்றெல்லாம் எழுதினால் அப்புறம் எண்ண முடியாது. நான் எழுதி, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தீனி பிறகுதான். கடற்குதிரைக்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது, சும்மா சும்மா பசிக்கும் என்று இரக்கப்பட்டு, தொடக்கத்தில் 7 மணிக்கே இறால் குஞ்சு போட்டேன். இரண்டும் ஆளுக்கொரு மூலையில் தீனியை உறிஞ்சிக்கொண்டிருந்தன. இந்த ஜோடி சேரவில்லை என்று 9 நாள் எழுதிவைத்தேன். அந்த 9 தாளும் குப்பை.

தினமும் எதற்கு வணக்கம்? கருவைச் சுமப்பது ஆண். பெண்ணின் முட்டை பழுத்துவிட்டால் அதிக நேரம் தாங்காது. மாற்றப் பை காலியாக இல்லையென்றால் வீணாகத் தரையில் விட்டுவிடும். ஆண் எப்போது குட்டி போடும் என்பதற்குத் தக்கபடி பெண் முட்டையைத் தயாராக்க வேண்டும். அதற்கு இந்தத் தினசரிச் சந்திப்பு உதவுகிறது. கடலுக்கடியில் இவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த அமாண்டா வின்சென்ட் போன்றவர்கள் எழுதியதைப் படித்து நான் புரிந்துகொண்டது இது. அம்மா வாசலில் மைலோவைக் கலக்கிக்கொண்டே ஒரு வீடியோ பார்த்துவிட்டு, “புள்ள சொமக்கிறவன பொண்டாட்டி தெனம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறா” என்றார்.

இணைசேரும் நாள் வேறு மாதிரி. சில நிமிடத்தில் முடிய வேண்டியது மணிக்கணக்கில் நீளும். ஆண் வாலை மடக்கி மடக்கிப் பையில் தண்ணீரை ஏற்றி இறக்கும். பெண் மூக்கை மேலே தூக்கும். அன்று கேமராவை நிறுத்தாதீர்கள், கூடுதல் பேட்டரி வையுங்கள். கடைசியில் இரண்டும் நேருக்கு நேர் எழும்பி, பெண் தன் முட்டைக் குழாயைப் பையின் வாயில் வைத்து முட்டைகளை இறக்கும். சில விநாடிதான், இமைத்தால் போச்சு. பிறகு ஆண் மட்டும் மெல்ல ஆடி முட்டைகளைச் சரிசெய்துகொள்ளும்.

நம் ஊர்ச் சூட்டில் ஆண் கருவைச் சுமப்பது ஏறக்குறைய மூன்று வாரம். பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ ஆண் நூற்றுக்கணக்கில் குட்டி போடும். அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றி எண்ணிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போகாதீர்கள். என் மூன்றாவது ஜோடி குட்டி போட்ட அதே காலையில் மறுபடி முட்டை மாற்றியது. நான் பசியாறப் போயிருந்தேன்.